எள் ஊறாத வாய்

நொச்சிக்காட்டுப்புதூரில் துணிமணிகள் எழுத்தைக் காட்ட ஆரம்பித்தது தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் பூட்டுப் படம் போட்ட அந்தச் செல்போன் செயலியை அரசாங்கம் தடை செய்திருந்தது. பூட்டு என்றே ஊரில் அதற்குப் பேர். அதில் இரண்டு பேர் எழுதிக்கொள்வதை மூன்றாவது ஆள், அது அரசாங்கமே ஆனாலும், படிக்க முடியாது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பூட்டு எதற்கு என்று தடையாணையில் கேட்டிருந்தார்கள். அந்த ஆணையை வாசலில் நின்று வாசித்துவிட்டு வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குப் போன ஜனங்கள், நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

சனிக்கிழமை புதூருக்குத் துவைக்கிற நாள். தறிகள் நிற்கிற நாளும் அதுதான் என்பதால் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறப் பொடக்காணியில் கல்லில் துணி அடிபடும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்குக் கொடியில் ஏறியவை பத்து மணிக்குக் காய்ந்தன. காயக் காய, சட்டை முதுகிலும் சேலைத் தலைப்பிலும் வேட்டிக் கரையோரத்திலும், வேர்வை உலர்ந்தால் உப்புப் பூக்குமே அப்படி எழுத்துப் பூத்தது. எல்லாம் செல்போனில் வருகிற அதே குண்டு எழுத்து, கீழே தேதி, நேரம், பக்கத்தில் இரண்டு டிக். யார் எந்தத் துணியை உடுத்திக்கொண்டு பூட்டில் எதைத் தட்டினார்களோ, அது அந்தத் துணியில் வந்தது. நனைத்தால் மறைந்தது, காய்ந்தால் திரும்ப வந்தது, இஸ்திரிப் பெட்டிக்கு அசையவில்லை. தடைக்குப் பிறகு பூட்டில் தட்டியது யாருக்கும் போய்ச் சேரவில்லை, ஆனால் துணியில் மட்டும் வந்தது. எந்த ஊரில் இருந்து தட்டியிருந்தாலும் புதூர்த் தண்ணீரில் நனைந்த துணிக்கு இந்தக் குணம் வந்துவிட்டது என்பதை, நாக்பூரில் இருந்து திரும்பிய லாரிக்காரர்களின் லுங்கிகள் சீக்கிரமே காட்டிக்கொடுத்தன.

முதல் வாரம் ஊரே கொடிக்கடியில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தனக்குத்தானே கவிதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது அவர் பனியனில் தெரிந்துபோய், மனுசன் நான்கு நாள் விடுப்பில் போனார். இரண்டு நிச்சயதார்த்தம் முறிந்தது. மூன்று வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருவர், திருட்டுத்தனமாகத் தினமும் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது வெளியாகி, வேறு வழியில்லாமல் ராசியானார்கள். டீக்கடைக்கு எதிர்வீட்டுச் செந்தாமரைக்கண்ணனின் சட்டைகள் அத்தனையிலும், மத்தியானம் ஒரு மணிக்கு, 'அம்மா மாத்திரை போட்டியா' என்பதைத் தவிர வேறு ஒரு சொல் இல்லாததால் அவனுக்கு ஒரே வாரத்தில் மூன்று ஜாதகம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த வாரம் புதூரில் உலைமூடிகளைத் தவிர எல்லாமே திறந்துகிடந்தன.

அம்சவேணியும் முதல் சனிக்கிழமை மற்றவர்களைப் போலக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு வயது, புருசன் குமரசாமிக்கு வடக்கே ஓடுகிற லாரி, இரண்டு மாதத்துக்கு ஒருதரம்தான் வீடு. ஒரே மகள் மோகனப்பிரியா போன வைகாசியில், கூடப் படித்த அருள் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவன் ஊருக்குக் கிழக்கே காலனியில் பிறந்தவன். எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டுக் குமரசாமி அன்றைக்கே லாரி ஏறினான். அவனுடைய தம்பி நாகராசு அப்படி விடவில்லை. தறிப் பட்டறை வைத்திருக்கிறவன், நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். இரண்டு ஆட்களையும் ஒரு காரையும் ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்று தெரிந்தால் போதும் என்று எட்டு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தால் என்ன செய்வான் என்பதை அவன் சொன்னதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

அம்சவேணிக்கு மகளின் ஊர் தெரியும். பூட்டு வழியாகத்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில், மகளுக்கு மூன்று மாதம் என்று தெரிந்து பருப்புப் பொடியும் நெய்யும் பார்சல் அனுப்புவதற்காக, அவள் போனில் சொன்ன விலாசத்தைக் காதால் கேட்டு எழுதி, 'சரியான்னு பாரு கண்ணு' என்று அவளுக்கே திருப்பி அனுப்பினாள். புதுச்சேரி, தெருப் பேர், கதவிலக்கம், பின்கோடு எல்லாம் அதில் இருந்தது. அன்றைக்கு அம்சவேணி கட்டியிருந்தது கிளிப்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. அந்தச் சேலை இப்போது அவளிடம் இல்லை. மார்கழியில் ஒரு துக்க வீட்டுக்குப் போவதற்காக ஓரகத்தி கோகிலா இரவல் வாங்கிக் கட்டிப் போனாள். துக்கத்துக்குக் கட்டிப்போன சேலையைக் கொடுத்தவள் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்; கேட்டால், அடுத்த துக்கத்தைத் தன் வீட்டுக்கு அழைத்த மாதிரி. கோகிலா நாகராசுவின் மனைவி.

அதிலும் கோகிலாவின் வாயில் எள் ஊறாது. வாசல் தெளிக்கும்போது கேள்விப்பட்டதைப் பால் காய்வதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு, மறந்துபோன ஐந்தாவது வீட்டுக்கு ஓடுகிற பிறவி. தான் முழுகாமல் இருப்பதையே அவள் ஏழு வீட்டில் சொல்லி முடித்த பிறகுதான் மாமியாருக்குத் தெரிந்தது என்று சொந்தத்தில் கேலி உண்டு. அந்தக் கர்ப்பம் நிற்கவில்லை, அதற்குப் பிறகு வேறு தரிக்கவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், ஒரே தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போட ஒரே கொடி. மோகனப்பிரியாவுக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும் தலை பின்னிவிட்டது சின்னம்மா கோகிலாதான்.

அந்தச் சேலையைக் கோகிலா நனைத்துவிட்டாளா, நனைக்கவில்லையா, நனைத்திருந்தால் ஏன் இன்னும் கார் கிளம்பவில்லை என்று அம்சவேணி தினமும் கொடியைப் பார்த்தாள். கிளிப்பச்சை கண்ணில் படவே இல்லை. கேட்கவும் வழியில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சோற்றுக் கவளத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னிடம் மிச்சமிருந்ததில் மகளுக்கு எழுதிய சேலைகளை ஈரம் படாமல் அரிசி டிரம்மின் அடியில் போட்டு மேலே அரிசியைக் கொட்டினாள்.

அரசாங்கத்துக்கு விசயம் மூன்றாவது வாரம் எட்டியது. யார் செய்த வேலை இது என்று விசாரிக்க ஒரு குழு வந்து, தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போய், அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை. ஆனால் கிடைத்ததை விடுவானேன் என்று ஆணைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எழுத்து தெரியாதபடி நெருக்கமாகப் பூப்போட்ட துணி வாங்க ஜவுளிக்கடையில் கூட்டம் அலைமோதியதும், நெருக்கமான பூவுக்குத் தடை வந்தது. சிலர் வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் காயவைத்ததும் வீட்டுக்குள் காயவைப்பதற்குத் தடை வந்தது. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, வெட்டவெளியில், எழுத்துள்ள பக்கம் தெருவைப் பார்க்கும்படி காயப்போட வேண்டும் என்றானது. மேகமூட்டமான நாட்களுக்குத் தனிப் படிவம் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பார்வையிட யாரைப் போடுவது என்று யோசித்து, டெங்குக் கொசுப்புழு தேடி வீடு வீடாகத் தொட்டியை எட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்த பெண்களையே போட்டார்கள். நீலக் கோட்டும் கையில் நோட்டுமாகப் புதூருக்கு வந்துகொண்டிருந்தவள் மேனகா. முன்பு போலவே, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் கொடியைப் பார்த்தாள். துணியில் இருந்ததை நோட்டில் எழுதினாள். வாசல் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் கையெழுத்துப் போட்டாள். ஒரே அட்டைதான், புழுவுக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம். "என்ன பண்றதுங்க்கா, புழுவாச்சும் நெளியும், இது அதுவும் இல்லீங்க, ஒரே சாப்ட்டியா தூங்கினியாதான்" என்று அலுத்துக்கொள்வாள். அவளுடைய துணிகளை யார் படிக்கிறார்கள் என்று கேட்டபோது, பக்கத்து ஊர்க்காரி படிக்கிறாள் என்று சொன்னாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். மாசி பிறந்தபோது புதூரில் யாரும் யாருடைய துணியையும் நின்று படிக்கவில்லை. மனிதர்கள் ரகசியமாக எழுதிக்கொண்டதில் முக்கால்வாசி, ரகசியமாக எழுதத் தேவையே இல்லாதவை என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. வெட்கமும் தேய்ந்தது. எழுதிய சட்டையையே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், நாலு பேர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு காய்கறி பொறுக்கினார்கள். எங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். விடாமல் படித்துக்கொண்டிருந்தது இரண்டே தரப்பு. ஒன்று, படிப்பது வேலையாகிவிட்ட அரசாங்கம். இன்னொன்று, எதையோ தேடிக்கொண்டிருந்த நாகராசு. கொடிக் கண்காணிப்புக்கு ஊர்க் கமிட்டி போட்டபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தவன் அவன்தான். மேனகாவின் நோட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் பார்த்தான்.

மாசி நடுவில் குமரசாமி வந்தான். ஒரு மூட்டை அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கினான். அம்சவேணி துவைத்து விரித்தாள். நீலக் கட்டம் போட்ட லுங்கி காய்ந்தபோது அதன் மடிப்போரத்தில் ஒரு எழுத்து வரிசை பூத்தது. தடைக்கு முந்தின தேதி இருந்தது, நேரம் இருந்தது, டிக் இல்லை. தட்டிவிட்டு அனுப்பாமல் அழித்தவை கூட வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 'கண்ணு' என்று மட்டும் இருந்தது. அடுத்த நாள் தேதியில் இன்னொரு 'கண்ணு'. அதற்கடுத்த நாளும். லுங்கி நெடுக, நாக்பூர் போய் வந்த நாற்பது நாளும், அனுப்பாத அதே ஒரு சொல். கல்லுளிமங்கன் என்று அவள் வைதுகொண்டிருந்த மனுசன். அம்சவேணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராவது பார்ப்பதற்குள் லுங்கியை உருவித் தொட்டியில் முக்கினாள்.

நிமிர்ந்தபோது கொடியின் மறுமுனையில் கோகிலா கையில் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"லுங்கி நல்லாத்தான வெளுத்திருந்துச்சு, ஏனுங்க்கா மறுக்கா முக்கறீங்க?"

"காக்கா எச்சம் போட்டிருச்சு."

"இந்தக் காக்காயிக தொந்தரவு தாங்க முடியலீங்க்கா" என்ற கோகிலா, அங்கிருந்து ஆரம்பித்துக் காக்கா, மொட்டைமாடி, மொட்டைமாடி வீட்டுக்காரியின் புதுக் கம்மல் என்று அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாள்.

பங்குனியில் மாரியம்மன் நோன்பு சாட்டினார்கள். கம்பம் நட்டு, பொங்கல் வைத்து, மூன்றாம் நாள் மஞ்சள் நீர். முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். கொழுந்தன் குடத்தைத் தூக்கினால் அண்ணன் பெண்டாட்டி நிற்கத்தான் வேண்டும். அண்ணியை நங்கை என்று கூப்பிடுகிற சீமை அது. மஞ்சள் கறை போகாது என்பதால் பழைய துணிதான் கட்டி வருவார்கள்; அன்றைக்குப் புதுச்சேலை கட்டி வந்தால், இவளுக்கு ஒளிக்க என்னமோ இருக்கிறது என்று அவளே தண்டோரா போட்ட மாதிரி. நாகராசு ஒரு வாரம் முன்பே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"இந்த வருசம் நங்கைக்கு மூணு கொடமுங்க. ஊத்தி வெயில்ல நிறுத்தி வெச்சு, காஞ்சதுக்கப்பறந்தான் ஊட்டுக்கு உடறது."

அம்சவேணி யோசித்து யோசித்து, மகளுக்கு எதுவும் எழுதிய ஞாபகம் இல்லாத அரக்குச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். நாகராசு மூன்று குடம் ஊற்றினான். சுற்றிலும் தவில் அடிக்க, ஜனம் கத்த, தலையிலிருந்து மஞ்சள் வழிய வழியக் கோயில் திடலில் வெயிலில் நின்றாள். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரிலேயே நின்றான். சேலை காய்ந்தது. முந்தானையில் எழுத்து வந்தது. அவள் மறந்துபோன ஏதோ ஒரு நாள்.

'சாப்ட்டியா கண்ணு'

"யாருக்குங்க நங்கை இது?"

அம்சவேணி முந்தானையை இழுத்து மறுபடி படித்தாள். இதில் ஊர்ப் பேர் இல்லை. அப்போது பக்கத்தில் நின்ற பெட்டிக்கடை யசோதா, "என்ர சீலையிலயும் அதேதான் வந்திருக்குது, திருப்பூர்ல இருக்கற எம்பையனுக்குங்க" என்று தன் முந்தானையை விரித்தாள். அதற்கடுத்தவள் சேலையிலும் அதே. துபாய்க்கு, பெங்களூருக்கு, கல்லூரி விடுதிக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அண்ணனுக்கு. திடலில் காய்ந்துகொண்டிருந்த அறுபது எழுபது சேலையிலும் சாப்ட்டியா, சாப்ட்டாச்சா, சாப்டாம படுக்காத. நாகராசு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போய்ப் பாதியில் விட்டுவிட்டான். முறைக்காரிகள் அவன் மேலும் ஊற்றியிருந்தார்கள்; கறைக்குப் பயந்து பீரோ அடியில் இருந்து அன்றைக்குத்தான் எடுத்துப் போட்ட அவனுடைய பழைய வெள்ளைச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தது; அவன் திரும்பி நடந்தபோது முதுகில் பெரிய எழுத்தில் இருந்ததைத் திடலே படித்தது.

'அட்ரஸ் கெடச்சா போதும். ஒரு நாள் வேல. ரெண்டு பேரையும் சேத்து முடிச்சரலாம்.'

படித்தவர்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை. தவில்காரர் மட்டும் அடியை நிறுத்தினார், பிறகு மறுபடி அடித்தார். கோகிலாவும் படித்தாள். மஞ்சள் வழிகிற முகத்தோடு கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில் அம்சவேணியிடம் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்ல மறந்தே போயிட்டனுங்க. உங்க பச்சைச் சுங்குடி இருந்துதுங்கல்லோ, அத எலி கடிச்சு நாசம் பண்ணிப்போட்டுதுங்க. நனைக்கக்கூட இல்ல, அப்படியே சுருட்டி அடுப்புல வெச்சுட்டேன். வெய்யாதீங்க்கா."

வாயில் எள் ஊறாதவள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அம்சவேணி நம்பினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள். எலிக்கும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

குமரசாமி சித்திரையில் ஒருதரம் வந்து இரண்டே நாளில் போனான். மறுபடி வந்தது ஆனியில். குளித்துவிட்டு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பாண்டிக்கு ஒரு லோடு கெடச்சுது."

அம்சவேணி சோற்றுக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

"தொவைக்கறதுக்கு இருக்குது. பாத்துத் தொவை."

மூட்டையை அவிழ்த்தாள். லுங்கிகளுக்கும் பனியன்களுக்கும் நடுவில், பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழத் துணி இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பால் வாசமும் வசம்பு வாசமும் அடித்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பொடக்காணியில் குந்தி, சத்தம் வராமல் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, சோப்புக்கூடப் போடாமல், அந்தத் துணியைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு அலசு அலசி, இரண்டு லுங்கிகளுக்கு நடுவே கொடியில் விரித்து, எதிரிலேயே நின்றாள்.

பாதி காய்ந்திருக்கும்போது தெருமுனையில் நீலக் கோட்டுத் தெரிந்தது. துணியை எடுத்தால் எழுத்து முழுதாக வராது. விட்டால் மேனகா எழுதிக்கொண்டு போவாள், நோட்டு நாகராசுவிடம் போகும். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வாசலில் இருந்து கோகிலா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். கொடியை ஒரு பார்வை பார்த்தாள். அம்சவேணியைப் பார்க்கவில்லை. நேராக வெளிக்கதவுக்குப் போய், அதன் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வா கண்ணு மேனகா, உங்கிட்டச் சொல்லோணும்னே இருந்தேன், மேக்கால ஊட்டுல நேத்து என்ன நடந்துதுன்னு தெரியுமா?"

துணி காய்ந்தது. எழுத்து மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கி வந்தது.

'அம்மா, பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டே முக்காக் கிலோ. உன்ர மூக்கு. இதத் தோள்ல போட்டுட்டுத்தான் தட்டறேன், அப்பா சொன்னாங்க அதான் வழின்னு. அப்பா கதவுக்கு வெளியவே நின்னாங்க, நான்தான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். சித்திரையில சின்னம்மா அந்தப் பச்சச் சீலையச் சுருட்டி அப்பா கையில குடுத்தாங்களாம். ஒண்ணுமே சொல்லலியாம். பிரிச்சுப் பாத்தா அட்ரஸ் இருந்துச்சாம். அந்தச் சீலையிலதாம்மா பாப்பாவுக்குத் தூளி கட்டியிருக்குது. நீ எழுதினது அதுல இன்னும் தெரியுது. அட்ரஸ் சரிதாம்மா.'

அம்சவேணி மூன்று தரம் படித்தாள். நாலாவது தரம் படிக்கக் கண் மறைத்தது. கொடியில் இருந்து அதை உருவித் தொட்டியில் முக்கினாள், எழுத்து கரைந்தது, தண்ணீரில் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளிக்கதவில் கோகிலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மேற்கு வீட்டுச் சண்டையைச் சொன்னாள், கணக்கு வாத்தியாரின் புதுக் கவிதையைச் சொன்னாள், செந்தாமரைக்கண்ணனுக்கு மூன்று ஜாதகமும் பொருந்தாமல் போனதைச் சொன்னாள், தன் புருசனின் சட்டை முதுகைப் பற்றிக்கூடச் சொன்னாள். மேனகா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டாள். கடைசியில் வெயில் ஏறிவிட்டது என்று ஞாபகம் வந்து, எட்டி ஒரு பார்வை கொடியைப் பார்த்து, வெறும் லுங்கிகள் தொங்குவதைக் கண்டு, சுவரில் இருந்த அட்டையில் இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

"ஊர் சேதியெல்லாம் சொன்னீங்க, உங்க ஊட்ல என்னங்க்கா விசேசம்?"

"எங்கூட்ல என்ன கண்ணு," என்றாள் கோகிலா, "ஒண்ணுமில்லையே."